இன்னொரு லோரி வாங்கினால் தாமதம் தீருமா?

ஆகஸ்ட் 11, காலை. கேள்வி

பட்டர்வொர்த்தில் மளிகை மொத்த வியாபாரம். பருப்பு, உளுந்து, வெங்காயம், மிளகாய் எல்லாம் இந்தியாவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வழியாக வருகிறது. ஜார்ஜ்டவுன் லெபோ பாசார், பிறை, சுங்கை பட்டாணி என்று நாற்பது கடைகளுக்குக் கொடுக்கிறோம். மூன்று டன் லோரி இரண்டு இருக்கிறது. எந்நேரமும் தாமதம், கடைக்காரர்களிடம் ஏச்சு. தீபாவளிக்குள் மூன்றாவது லோரி வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். ஐயாமார் கருத்து?

ஆகஸ்ட் 11, மதியம்

இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஒரு வாரம் இரண்டு லோரியும் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். ஓடும் நேரம் தேவையில்லை, நிற்கும் நேரம்தான் வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் நான்கு நேரம் குறித்தால் போதும்: வந்தது, இறக்கத் தொடங்கியது, இறக்கி முடித்தது, கிளம்பியது.

வந்ததற்கும் இறக்கத் தொடங்கியதற்கும் நடுவில் இழுத்தால், லோரி வருவது கடைக்குத் தெரியவில்லை என்று பொருள். இறக்குவதே இழுத்தால் ஆள் குறைவு, அல்லது ஏற்றிய வரிசை தப்பு. இறக்கி முடித்தும் கிளம்பவில்லை என்றால் டிஓவில், அதாவது சரக்கோடு போகும் டெலிவரி ஆர்டர் சீட்டில், எழுதியதும் இறக்கியதும் ஒத்துப்போகவில்லை. ஓட்டுநர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூன்று நோய்க்கும் மூன்று மருந்து. இன்னொரு லோரி இதில் ஒன்றுக்கும் மருந்தல்ல. அதுவும் போய் அதே வாசலில்தான் நிற்கும்.

ஆகஸ்ட் 11, இரவு

ஏற்றும் வரிசையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடைசியாக இறக்கும் கடையின் சரக்கு முதலில் உள்ளே போக வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஏற்றி முடித்த பிறகு ஒரு கடைக்காரர் கூப்பிட்டு "எனக்கு முதலில் கொண்டு வா" என்கிறார், ஓட்டுநர் வழியை மாற்றுகிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் முப்பது பையைக் கீழே வைத்து மறுபடி ஏற்ற வேண்டியதாகிறது. ஏற்றத் தொடங்கிய பிறகு வரிசை மாறக் கூடாது. மாலை 6 மணிக்கு ஆர்டரை மூடுங்கள், 7 மணிக்கு வரிசையை முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு வரும் ஆர்டர் அடுத்த நாளைக்கு.

ஆகஸ்ட் 13

"கடைக்காரருக்குத் தகவல் சொல்கிறோமே, வாட்ஸ்அப்பில் 'சரக்கு வருகிறது' என்று போடுகிறோமே" என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்துக் கடைக்காரர் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை மணி, எத்தனை பை, எது வரவில்லை, இந்த மூன்றும் தெரிந்தால்தான் அவர் ஆளை நிறுத்துவார், இடம் ஒழிப்பார். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"டிஓ 2317. லோரி 4417. துவரை 25 கிலோ 12 பை, உளுந்து 25 கிலோ 6 பை, சின்ன வெங்காயம் 10 கிலோ 8 பை. இல்லாதது: மிளகாய் 2 பை, வியாழன் வரும். கிளம்பியது 8.10. உங்கள் கடை மூன்றாவது. 10.15 முதல் 10.45க்குள். பின்வாசல்."

இதில் உயிர்நாடி "இல்லாதது" என்ற சொல். மிளகாய் வரவில்லை என்று லோரி வந்த பிறகு தெரிந்தால் வாசலில் சண்டை. காலை 8.10க்கே தெரிந்தால் அவர் பக்கத்துக் கடையில் இரண்டு கிலோ வாங்கி அன்றைக்குச் சமாளித்துக்கொள்வார். வரும் நேரத்தையும் "10.30" என்று ஒற்றையாகச் சொல்லாதீர்கள். அரை மணி இடைவெளி கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். முந்தின கடையில் இறக்கி முடித்ததும் "20 நிமிடம்" என்று ஒரு வரி போட்டால் போதும்.

ஜிபிஎஸ் இணைப்பைக் கடைக்காரருக்கு அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். அனுப்பலாம், ஆனால் வரைபடத்தில் நகரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வியாபாரிக்கு ஏது நேரம்? சொன்ன நேரம் தப்பப்போகிறது என்றால் மட்டும் செய்தி போகட்டும்.

ஆகஸ்ட் 14

இதுவரை எழுதியது கிடங்கிலிருந்து கடைக்கு. கிள்ளானிலிருந்து உங்கள் கிடங்குக்கு வரும் பக்கத்தில்தான் பெரிய பணம் போகிறது. அங்கே ஆர்டர் எண்ணிக்கையே பொய் சொல்லும். கணக்காகக் காட்டுகிறேன்.

ஒரு கடை வாரம் 100 பை விற்கிறது, இரண்டு வாரச் சரக்கு, அதாவது 200 பை, இருப்பு வைக்கிறது. ஒரு வாரம் 110 விற்றது. இனி 110தான் என்று நம்பி இருப்பை 220 ஆக்க நினைக்கிறது. விற்ற 110, கூடுதல் இருப்பு 20, ஆக ஆர்டர் 130. மொத்த வியாபாரிக்குத் தெரிவது இந்த 130 மட்டும். அவரும் இரண்டு வார இருப்பு வைப்பவர். 200ஐ 260 ஆக்க வேண்டும், ஆக ஆர்டர் 190. இறக்குமதியாளர் கண்ணில் 190. அவரும் அதே கணக்குப் போட்டால் 190, கூட 180, ஆக 370 பை இந்தியாவுக்கு ஆர்டர் போகும்.

கடையில் கூடியது 10 பை. கப்பலில் கூடியது 270.

அடுத்த வாரம் விற்பனை மறுபடி 100. கடை இருப்பை 200க்கு இறக்க 80தான் ஆர்டர் செய்யும். மொத்த வியாபாரி கையில் 260 இருக்கிறது, 80 கொடுத்தால் மிச்சம் 180. அவருக்கு இப்போது 160 போதும். ஆகவே ஆர்டர் பூஜ்யம். போன வாரம் 190 கேட்டவர் இந்த வாரம் ஒன்றும் கேட்கவில்லை. இறக்குமதியாளர் "வியாபாரம் படுத்துவிட்டது" என்று நினைக்கிறார். 370 பையோ கடலில் வந்துகொண்டிருக்கிறது.

இதைச் சாட்டை விளைவு என்பார்கள். கைப்பிடியைச் சின்னதாக அசைத்தால் நுனி பெரிதாக வீசும். எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961இலேயே இதைக் காட்டினார். 1997இல் ஆய்வாளர்கள் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூவரும் நான்கு காரணங்களாகப் பிரித்தார்கள்: ஆர்டரைத் தேவை என்று எடுத்துக்கொள்வது, சேர்த்து வைத்து ஒரே தடவையில் ஆர்டர் போடுவது, விலை ஏற்ற இறக்கம், பற்றாக்குறையில் வேண்டுமென்றே கூட்டிக் கேட்பது. நான்கும் நம் மளிகையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, சற்று நேரம் கழித்து

இதற்கு மருந்து பெரிய கணினி இல்லை. கடைகள் ஆர்டரோடு இரண்டு எண் சேர்த்து அனுப்பட்டும்: போன வாரம் விற்றது, இப்போது கையில் இருப்பது. உங்கள் நாற்பது கடையில் அதிகம் வாங்கும் எட்டுப் பத்துக் கடை அனுப்பினாலே போதும். அந்த எண்ணை மாற்றாமல் அப்படியே உங்கள் இறக்குமதியாளருக்குக் காட்டுங்கள். அவர் 190க்குப் பதில் 110ஐப் பார்ப்பார்.

ஆகஸ்ட் 16

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார்: "கடைக்காரர் இருப்பைச் சொன்னால் மொத்த வியாபாரி அதை வைத்து விலையை ஏற்றுவார். யார் சொல்வார்கள்?" உண்மை. நான் எளிதாக எழுதிவிட்டேன். இருப்பு தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் விலையைக் கூட்டினால், அடுத்த வாரத்திலிருந்து உங்களுக்குப் பொய் எண்தான் வரும், அதுவும் காலத்துக்கும். எண் கொடுக்கும் கடைக்கு உடனே ஒரு பலன் தெரிய வேண்டும். எண் கொடுத்தவருக்குச் சரக்கு முதலில் ஒதுக்கப்படும், வாரம் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை லோரி வரும் என்று சொல்லுங்கள். இரண்டு தடவை வந்தால் அவர் இருப்பும் குறையும், கடையில் இடம் மிச்சம். அந்தப் பலனுக்காகத்தான் அவர் எண் கொடுப்பார்.

ஆகஸ்ட் 17

"மூன்று டன் லோரி என்றால் 25 கிலோ பை 120 ஏற்றலாமா?" கூடாது. மூன்று டன் என்பது பேச்சு வழக்கு. ஏற்றக்கூடிய எடை பதிவு அட்டையில் இருக்கிறது, லோரி உடம்பிலும் எழுதியிருக்கும். பிடிஎம்மிலிருந்து பிடிஎம்மைக் கழித்தால் வருவது.

ஆகஸ்ட் 17, மாலை

மேலே எழுதியது குழப்புகிறது என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். தமிழில் எழுதும்போது இரண்டு சுருக்கமும் ஒன்றாகிவிடுகிறது. பெராட் டெங்ஙான் முவாத்தான், சரக்கோடு சேர்த்த எடை. பெராட் தன்பா முவாத்தான், சரக்கில்லாத எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மூடிய பெட்டி உடம்பு, பின்னால் தூக்கும் மேடை எல்லாம் வெற்று எடையில் சேர்ந்துவிடும், அதனால் உங்கள் இரண்டு லோரிக்கும் ஒரே அளவாக இருக்காது. இரண்டு எண்ணையும் ஏற்றும் ஆளின் கண்ணில் படும்படி கிடங்குச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஆகஸ்ட் 20

கிள்ளான் பக்கம். கண்டெய்னர் துறைமுகத்தில் கிடப்பது பெரும்பாலும் லோரி இல்லாததால் அல்ல, தாள் வராததால். பருப்புக்கும் வெங்காயத்துக்கும் சுங்க ஏஜென்ட் கையில் என்னென்ன இருக்க வேண்டும்: கப்பல் ரசீது (பில் ஆஃப் லேடிங்), விலைப்பட்டியல், பொதிப் பட்டியல், பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ், மாக்கிஸ் என்ற தடுப்புக்காப்பு, சோதனை இலாகாவின் இறக்குமதி அனுமதி, உணவுப் பொருள் என்பதால் சுகாதார அமைச்சின் ஃபோசிம் இணையப் பதிவு, இவற்றை வைத்து கே1 சுங்கப் படிவம். பிறகு கப்பல் நிறுவனத்துக் கட்டணம் கட்டி கண்டெய்னரை விடுவிக்கும் டிஓ எடுப்பது (கடைக்குப் போகும் டிஓ வேறு), கேட் பாஸ், இழுக்கும் லோரிக்கு முன்பதிவு.

தப்பு நடக்கும் இடங்கள் திரும்பத் திரும்ப அவையேதான். பொதிப் பட்டியலில் 960 பை, கப்பல் ரசீதில் 950. அனுமதியில் உள்ள பெயரும் விலைப்பட்டியலில் உள்ள பெயரும் ஓரெழுத்து வித்தியாசம். சான்றிதழ் அசல் கூரியரில் வருகிறது, கப்பல் முந்திவிட்டது. சென்னையிலிருந்து நேர்க் கப்பல் ஒரு வாரம் போலத்தான் எடுக்கும். தாளைச் சரிபார்க்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவே. அதனால் இறுதி ரசீது அச்சாகும் முன் அதன் வரைவை வாங்கிப் பாருங்கள். பெயர், பை எண்ணிக்கை, மொத்த எடை, கண்டெய்னர் எண், சீல் எண் என்று ஐந்தையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். கப்பல் கிளம்பும் முன் திருத்தினால் ஒரு மின்னஞ்சல், வந்த பிறகு என்றால் கட்டணமும் கையொப்பமும் நாட்களும்.

ஆகஸ்ட் 20, இரவு

டெமரேஜும் டிடென்ஷனும் ஒன்றா என்ற கேள்விக்கு: இல்லை. இலவச நாட்கள் முடிந்தும் நிறை கண்டெய்னர் துறைமுகத்துக்குள் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய் வெறும் கண்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் டிடென்ஷன். இரண்டும் கப்பல் நிறுவனத்துக்கு. துறைமுகம் இடவாடகை தனியாகக் கேட்கும், குளிர் கண்டெய்னர் என்றால் மின்சாரக் கட்டணமும் சேரும். பட்டர்வொர்த் வியாபாரி கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: வெறும் கண்டெய்னரை எங்கே திருப்ப வேண்டும்? கிள்ளானில்தான் என்றால் 350 கிலோமீட்டருக்கு மேல் வெறுமனே திரும்பிப் போகும், அந்தச் செலவும் உங்கள் தலையில். சில நிறுவனம் பினாங்கிலேயே எடுத்துக்கொள்ளும். முன்பதிவின்போதே எழுத்தில் வாங்குங்கள். இறக்கி முடித்ததும் உள்தரை, பக்கச் சுவர், கதவு ரப்பரைப் படம் எடுத்து வையுங்கள். வைப்புத்தொகையில் பிடித்தம் செய்யும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

ஆகஸ்ட் 25

"வேகமான கப்பலுக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கலாமா?" இதற்குப் பாதுகாப்பு இருப்பின் கணக்குப் பதில் சொல்லும். தாமதமோ கூடுதல் விற்பனையோ வந்தாலும் தீராமல் இருக்கக் கூடுதலாக வைக்கும் சரக்குதான் அது.

துவரை நாளைக்கு 40 பை போகிறது, ஏறி இறங்கும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 10 பை. ஆர்டர் போட்டு வந்து சேர 30 நாள், அதன் திட்ட விலக்கம் 6 நாள். 30 என்ற நாள் எண்ணிக்கையையும் விற்பனை விலக்கத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் 3,000. தினசரி விற்பனையின் வர்க்கத்தை நாள் விலக்கத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 57,600. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 246. நூற்றுக்கு 95 தடவை சரக்கு தீராமல் இருக்க 1.65ஆல் பெருக்குங்கள். பாதுகாப்பு இருப்பு 406 பை.

வேகமான கப்பல், 24 நாள், ஆனால் விலக்கம் அதே 6. விடை 404 பை. இரண்டே பை குறைந்தது.

அதே பழைய கப்பல், 30 நாள், ஆனால் விலக்கம் 2 நாள். விடை 160 பை.

246 பை மிச்சம், 6 டன்னுக்கு மேல். வேகம் கொடுக்காததை நம்பகம் கொடுக்கிறது. அந்த விலக்கம் கடலில் மட்டும் உருவாவதில்லை, ஒரு பகுதி தாள் பார்க்கும் மேஜையில் உருவாகிறது. ஆகஸ்ட் 20 குறிப்பு இருப்புக் கணக்கில் சேர்வது இங்கேதான்.

ஆகஸ்ட் 26

ஈப்போவிலிருந்து சரியான திருத்தம்: 6 நாள் குறைந்தால் வழியில் இருக்கும் சரக்கு 240 பை குறையும், அதில் முடங்கும் பணமும் குறையுமே. ஆமாம், அதைச் சொல்லாமல் விட்டேன். மறு ஆர்டர் புள்ளியும், அதாவது இருப்பு எந்த அளவைத் தொட்டால் அடுத்த ஆர்டர் போட வேண்டுமோ அதுவும், அந்த 240 பை கீழே இறங்கும். கப்பலில் ஏற்றும்போதே முழுப்பணம் கட்டுகிறவருக்கு அந்த 6 நாள் வட்டியும் சேமிப்பு. கூடுதல் கட்டணத்தை அந்த வட்டியோடு ஒப்பிடுங்கள். கிடங்கில் மூட்டை குறையும் என்ற ஆசையில் மட்டும் வேகத்தை வாங்காதீர்கள்.

அதே போல், மேலே உள்ள கணக்கு பருப்புக்குத்தான். வெங்காயத்துக்கு ஒவ்வொரு நாளும் அழுகல். அதற்கு வேகமும் வேண்டும், நம்பகமும் வேண்டும்.

செப்டம்பர் 2

வெங்காயம். இதில் தகவல் என்பது பை எண்ணிக்கையோடு முடியாது. 40 அடி குளிர் கண்டெய்னரில் 28 டன், 20 கிலோ பை என்றால் 1,400. எந்த நாள் பொதி, எந்த ஊர்ச் சரக்கு, காற்றுத் துவாரம் எந்த அளவு திறந்திருக்கிறது, என்ன வெப்பநிலை வைத்தார்கள், இவை ஏற்றும் நாளே உங்களுக்கு வர வேண்டும். வந்ததும் கதவோர மூட்டையை மட்டும் பார்த்து நல்ல சரக்கு என்று முடிவு கட்டாதீர்கள். நடு வரிசையில் நான்கைந்து பை எடுத்து வெங்காயத்தின் கழுத்தை அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால் உள்ளே ஈரம், அது இரண்டு நாளில் போக வேண்டிய சரக்கு. அதை பட்டர்வொர்த்துக்கு ஏற்றாதீர்கள், கோலாலம்பூரின் செலாயாங் மொத்தச் சந்தையிலேயே தள்ளுங்கள். உறுதியான சரக்கு வடக்கே வரட்டும். இந்த முடிவு கிள்ளானில் எடுக்க வேண்டியது. அங்கே பார்ப்பவருக்கு உங்கள் கடைகளின் இருப்பு தெரிந்தால்தான் எடுக்க முடியும்.

பற்றாக்குறை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 டிசம்பர் நல்ல பாடம். டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தது, 2024 மே 4 அன்றுதான் விலக்கியது, அதுவும் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையும் 40 விழுக்காடு வரியும் வைத்து. இப்படிப்பட்ட நேரத்தில் "கேட்டதில் பாதி தருவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். 20 பை வேண்டியவர் 40 கேட்பார், உண்மையாகக் கேட்டவர் ஏமாந்து போவார். கடந்த எட்டு வாரம் அவர் வாங்கியதன் சராசரியை வைத்துப் பங்கிடுங்கள். அதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

செப்டம்பர் 3

மின்விலைப்பட்டியல் வந்துவிட்டதே, அதிலேயே தகவல் போகாதா என்று கேட்டவருக்கு. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய அது வரிக் கணக்குக்கானது. லோரி எத்தனை மணிக்கு வரும், எது ஏறவில்லை என்பது அதில் இருக்காது. சரக்குக்கு முன்னே போக வேண்டிய செய்தி வேறு.

செப்டம்பர் 7

முதல் குறிப்பை இன்று திருத்துகிறேன். கேள்வி கேட்டவர் நிற்கும் நேரத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். பெரும்பகுதி வந்து காத்திருந்த நேரம்தான், எதிர்பார்த்தபடி. செய்தி முறையை மாற்றிய பிறகு அது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் சனிக்கிழமை மட்டும் குறையவில்லை. சனிக்கிழமை இரண்டு லோரியும் நிறைந்து, மதியத்துக்கு மேல் இன்னொரு நடை போக வேண்டியிருக்கிறது. இங்கே தகவல் எவ்வளவு கொடுத்தாலும் பலனில்லை, சக்கரம்தான் பற்றவில்லை. "வாங்காதீர்கள்" என்று ஒரே அடியாகச் சொன்னது சரியில்லை.

இருந்தாலும் ஒரு நாள் நெரிசலுக்கு லோரி வாங்குவதற்கு முன் மூன்று வேலை செய்து பாருங்கள். சனிக்கிழமைக் கடைகளில் எண் கொடுப்பவர்களை வியாழனுக்கு மாற்றுங்கள். அவர்கள் இருப்பு உங்களுக்குத் தெரியும், பயமில்லாமல் மாற்றலாம். பினாங்குத் தீவில் இருக்கும் கடைகளை ஒரே நடையில் சேருங்கள். பாலத்து டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தான், ஒரு நடையில் எட்டுக் கடை என்றால் அது எட்டாகப் பிரியும். ஜார்ஜ்டவுனுக்கு முதல் பாலம்தான். பத்து காவான் வழியாகப் போகும் இரண்டாம் பாலம் பாயான் லெப்பாஸ் பக்கம் சரக்கு இருந்தால் மட்டும். இதற்கும் மேல் மிஞ்சினால் தீபாவளிக்கு முந்தின ஆறு சனிக்கிழமைக்கு ஓட்டுநரோடு வாடகை லோரி. இப்போதே பேசி வையுங்கள், கடைசி வாரம் கிடைக்காது.

செப்டம்பர் 9

"நேரே பினாங்குத் துறைமுகத்துக்கே இறக்கினால் என்ன?" நேர்க் கப்பல் கிடைத்தால் நல்லது, கண்டெய்னர் உங்கள் வீட்டு வாசலில். ஆனால் பெரும்பாலும் கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ இறக்கிச் சின்னக் கப்பலில் மாற்றுவார்கள். அங்கே இணைப்பு தவறினால் அடுத்த கப்பல் வரை காத்திருப்பு, ஆகஸ்ட் 25 கணக்கில் அந்த 6 என்ற எண் வளர்ந்துவிடும். 2024 நடுவில் சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் நெரிசல் வந்தபோது முதலில் அடிபட்டது இந்த இணைப்புகள்தான். பருப்பை அப்படிக் கொண்டுவரலாம், இருப்பைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். வெங்காயத்தைக் கிள்ளானில் இறக்கி நெடுஞ்சாலையில் ஏற்றுங்கள்.

செப்டம்பர் 15

நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் சமயத்தில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே கனரக லோரிகளுக்குத் தடை அறிவிக்கும். எந்தெந்த நாள், எந்த வகை வண்டி என்று ஒவ்வொரு முறையும் அறிவிப்பைப் பார்க்க வேண்டும், சில சரக்குகளுக்கு விலக்கும் இருக்கும். கப்பல் முன்பதிவின்போதே அந்தத் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். தடைக்கு முந்தின நாள் கண்டெய்னர் இறங்கினால் அது துறைமுகத்தில்தான் கிடக்கும், இலவச நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

செப்டம்பர் 16

கண்டெய்னர் சீல் எண்ணை எங்கே எழுதுவது என்ற கேள்விக்கு: லோரியோடு வரும் டிஓவின் இரண்டு பிரதியிலும், கிளம்பும் முன் கதவைப் படம் எடுத்த பிறகு. கிடங்கில் வெட்டும் ஆள் படத்தையும் சீலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். எண் மாறியிருந்தால் வெட்டாமல் ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள். சுங்கச் சோதனையில் மாற்றியிருந்தால் புது எண் அவரிடம் இருக்கும்.